அத்தியாயம் 7: விதி மனிதருடையது, சோதனை ஏஐ எழுதுவது

போடிநாயக்கனூரில் 2007 வரை ஏலக்காய் ஏலம் குரலால் நடந்தது. மாதிரிக் காயைக் கையில் அள்ளிப் பார்த்து, நிறத்தையும் மணியின் பருமனையும் எடைபோட்டு, வியாபாரிகள் விலையைக் கூவி ஏற்றிக்கொண்டே போவார்கள். அந்த ஆண்டில் ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. காயைப் பார்ப்பது பழையபடியே இருக்க, விலை கேட்பது மட்டும் கணினிக்கு மாறியது. 2021-இல் ஏலம் கிளவுடுக்குப் போனது. போடியில் உட்கார்ந்திருப்பவரும், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் புற்றடி ஸ்பைசஸ் பார்க்கில் உட்கார்ந்திருப்பவரும் ஒரே லாட்டுக்கு ஒரே நேரத்தில் விலை கேட்க வழி வந்தது.

இப்படி ஒரு செயலியை எழுதுபவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஒரு பொத்தானின் இடத்தை மாற்றினாலும், வரிக் கணக்கில் ஒரு வரியைத் திருத்தினாலும், ஏலம் முழுவதையும் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். உள்நுழைவு, லாட் பட்டியல், கேட்பு, முடிவு, ரசீது என்று ஒவ்வொன்றையும் கையால் சோதித்தால் ஒரு நாள் போய்விடும். அந்த வேலையை நிரலிடம் ஒப்படைப்பதுதான் தானியங்கிச் சோதனை. வலைச் செயலிகளுக்கு இந்த வழியைத் திறந்துவிட்டது செலினியம். 2004-இல் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் உருவாக்கியது. பின்னர் அதோடு இணைந்த வெப்டிரைவர் 2018-இல் டபிள்யூ3சி தரநிலையானது. 2020-இல் மைக்ரோசாஃப்ட் பிளேரைட் என்ற கருவியை வெளியிட்டது. கருவிகள் மேம்பட்டாலும் சோதனையை வரிவரியாக எழுதும் பாடு மனிதரிடமே இருந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு அந்தப் பாட்டில் பெரும்பகுதி குறைந்துவிட்டது. சொன்னால் போதும், சில நிமிடங்களில் முப்பது சோதனைகள் வந்து நிற்கின்றன.

அந்த முப்பதில் எத்தனை உருப்படியானவை என்பதைக் கண்டுபிடிப்பதற்கு உதவுவதே இந்த அத்தியாயத்தின் வேலை. உதாரணத்துக்கு ஒரு பயிற்சிச் செயலியை எடுத்துக்கொள்கிறோம். ஏலக்காய் ஏலத்தின் நடைமுறையை ஒட்டி இந்த நூலுக்காகக் கற்பனையாக அமைத்தது அது. ஸ்பைசஸ் போர்டின் மென்பொருளுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

பச்சை விளக்கு சொல்லாத செய்தி

பயிற்சிச் செயலியில் ஒரு பிழையை வேண்டுமென்றே வைத்திருக்கிறோம். இரண்டு வியாபாரிகள் ஒரே விலையைக் கேட்டால் முதலில் கேட்டவருக்கு லாட் போக வேண்டும். அதுவே நம் விதி. நிரலிலோ, ‘இருக்கும் விலையைவிட அதிகமாக இருந்தால்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘அதிகமாகவோ சமமாகவோ இருந்தால்’ என்று இருக்கிறது. அதனால் கடைசியாகக் கேட்டவர் ஜெயிக்கிறார்.

இந்த நிரலை ஏஐயிடம் கொடுத்து, ‘இதற்குச் சோதனை எழுது’ என்று கேட்டால் என்ன நடக்கும்? பெரும்பாலும் அது நிரலைப் படித்து, நிரல் என்ன செய்கிறதோ அதையே சரியென்று எடுத்துக்கொள்ளும். ‘சம விலை வந்தால் பிந்தையவர் வெல்வார்’ என்று ஒரு சோதனையை எழுதி வைக்கும். ஓட்டினால் பச்சை விளக்கு எரியும். இனி யாராவது அந்தப் பிழையைத் திருத்தினால் சோதனை சிவப்பாகி, திருத்தியவரையே குற்றவாளியாகக் காட்டும். பிழைக்குக் காவல் வைத்ததுபோல ஆகிவிடுகிறது.

ஏஐயின் மேல் கோபப்பட இதில் ஒன்றுமில்லை. ஏலக்கூடத்து வழக்கம் நிரலுக்குள் எழுதப்படவில்லை, ஏஐ படித்தது நிரலை மட்டும்தான்.

பெரிய நிறுவனங்களின் அனுபவமும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மெட்டா நிறுவனம் டெஸ்ட்ஜென்-எல்எல்எம் என்ற தன் கருவியைப் பற்றி 2024 பிப்ரவரியில் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. இன்ஸ்டாகிராமின் ரீல்ஸ், ஸ்டோரீஸ் பகுதிகளில் அதை மதிப்பிட்டபோது, ஏஐ எழுதிய சோதனைகளில் 75 சதவீதம் பிழையின்றி பில்டு ஆயின. 57 சதவீதம் மறுபடி மறுபடி ஓட்டியும் தேறின. நிரலில் இதுவரை சோதிக்கப்படாத பகுதியைத் தொட்டவை 25 சதவீதம். மெட்டாவின் பொறியாளர்கள் முன்னால் வந்தவை இந்தச் சல்லடைகளைத் தாண்டியவை மட்டுமே. இங்கே கவனிக்க வேண்டியது இரண்டாவது சல்லடையை. ‘இன்றைய நிரலில் தேற வேண்டும்’ என்ற நிபந்தனை வைத்தால், நாளை யாராவது எதையாவது உடைத்தால் அது தெரியவரும். இன்றைக்கே உள்ளே இருக்கும் பிழை தெரியவராது. இரண்டும் வெவ்வேறு தேவைகள். எது வேண்டும் என்று தீர்மானித்த பிறகே ஏஐயிடம் பேச்சைத் தொடங்க வேண்டும்.

விதித்தாள்

ஆகவே முதல் வேலை நிரலை மூடிவைப்பது. இரண்டாவது வேலை, தொழில் தெரிந்தவரிடம் கேட்டு விதிகளை ஒரு தாளில் எழுதுவது. எளிய தமிழில் எழுதினால் போதும். இன்றைய ஏஐ மாடல்கள் தமிழில் எழுதிய விதியைப் படித்து பிளேரைட் சோதனையாக மாற்றிவிடும். விதிகள் தமிழில் இருந்தால் ஏலம் நடத்துபவரே அதைப் படித்துத் திருத்த முடியும் என்பது பெரிய லாபம். பயிற்சிச் செயலிக்கான விதித்தாளில் இப்படிப்பட்ட வரிகள் இருக்கும்: விலை ஒரு கிலோவுக்கு, முழு ரூபாயில். புதிய கேட்பு முந்தையதைவிடக் குறைந்தது ஒரு ரூபாயாவது கூடுதலாக இருக்க வேண்டும். நேரம் முடிந்த பின் வரும் கேட்பு செல்லாது. கிடைத்த விலை கட்டுப்படியாகவில்லை என்றால் விவசாயி லாட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

தாள் தயாரானதும் ஏஐக்கு இப்படி ஒரு கட்டளை கொடுக்கலாம்:

‘நிரலைப் பார்க்காதே. கீழே உள்ள விதிகளை மட்டும் வைத்துக்கொள். ஒவ்வொரு விதிக்கும் அது நிறைவேறும் சூழல் ஒன்று, மீறப்படும் சூழல் ஒன்று, எல்லையில் நிற்கும் சூழல் ஒன்று எழுது. எதிர்பார்க்கும் விடையை எண்ணாகவோ சொல்லாகவோ நேரடியாகக் குறி. விதியில் இல்லாத எதையும் ஊகிக்காதே. தெளிவில்லாத இடத்தில் என்னைக் கேள்வி கேள்.’

கடைசி வரிதான் மிகுந்த பலன் தரும். இந்த வரி இருந்தால் ஏஐ உருப்படியான கேள்விகளோடு திரும்பி வரும். முடிய ஒரு வினாடி இருக்கும்போது கேட்பு வந்தால் நேரம் நீளுமா? முன்னணியில் இருப்பவரே தன் விலையை இன்னும் உயர்த்தலாமா? விவசாயி திரும்ப எடுத்த லாட் அடுத்த ஏலத்துக்கு வந்தால் அதே எண்ணா, புது எண்ணா? இவற்றுக்குப் பொறியாளர் தன் மேசையிலிருந்து பதில் சொல்லக்கூடாது. கேள்விகளை எடுத்துக்கொண்டு ஏலம் தெரிந்தவரிடம் போக வேண்டும். ஒரு நாள் தாமதமாகலாம். அந்தத் தாமதம் லாபம்தான்.

சூழல்களின் பட்டியல் முழுதாகச் சரியான பிறகுதான் நிரலாகச் சோதனை எழுதச் சொல்ல வேண்டும். அப்போதும் சில கட்டுப்பாடுகள் தேவை. வலைப்பக்கத்தில் உள்ள பொத்தானை அதன் பயன்பாட்டாலும் பெயராலும் தேடச் சொல்லுங்கள். பக்கத்தின் உள்கட்டமைப்பில் மூன்றாவது பெட்டிக்குள் இரண்டாவது பொத்தான் என்று தேடும் சோதனை அடுத்த வடிவமைப்பு மாற்றத்திலேயே விழுந்துவிடும். ‘ஐந்து வினாடி காத்திரு’ என்ற வகை வரிகளுக்கு அடியோடு தடை போடுங்கள். பிளேரைட் தானாகவே காத்திருக்கும் கருவி. அப்படியிருந்தும் பழைய பழக்கத்தில் எழுதப்பட்ட ஏராளமான நிரல்களைப் படித்து வளர்ந்த ஏஐ, அந்த வரிகளை அடிக்கடி நுழைத்துவிடுகிறது. சைப்ரஸ் என்ற இன்னொரு சோதனைக் கருவியின் சொற்களை பிளேரைட்டில் கலந்து எழுதுவதும் நடக்கும். எந்தக் கருவி, எந்தப் பதிப்பு என்று முதலிலேயே சொல்லிவிட்டால் இது குறையும்.

ஏழாயிரம் ரூபாயும் ஐந்து மணியும்

எண்களில்தான் ஏஐயின் சோதனைகள் ஏமாற்றும். விலைக்கு உதாரணம் கேட்டால் 100, 500, 1000 என்று உருண்டையான எண்களைக் கொடுக்கும். ஏலக்காய் அப்படி நடந்துகொண்டதில்லை. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. 2022-இல் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கி விவசாயிகளைத் தவிக்க வைத்தது. ‘தவறுதலாகக் கூடுதல் பூஜ்யம் விழக்கூடாது’ என்ற நல்லெண்ணத்தில் 5,000 ரூபாய்க்கு மேல் கேட்க முடியாதபடி ஒரு செயலி பூட்டியிருந்தால், 2019-இன் அந்த ஏலத்தில் அது முடங்கியிருக்கும். சோதனைக்கான விலைகளைச் சந்தையின் வரலாற்றிலிருந்து எடுத்துக் கொடுங்கள். மிக உயர்ந்தது, மிகத் தாழ்ந்தது, அவற்றைத் தாண்டி ஒன்று என்று வைத்துக்கொண்டால் போதும்.

பணக் கணக்குக்கு வருவோம். 148.6 கிலோ லாட், கிலோ 2,417 ரூபாய். மதிப்பு 3,59,166.20 ரூபாய். 5 சதவீத ஜிஎஸ்டி 17,958.31. மொத்தம் 3,77,124.51. ஏஐயை அதன் போக்கில் விட்டால், சோதனைக்குள்ளேயே எடையை விலையால் பெருக்கி, வரியைக் கூட்டி, வந்த விடையைச் செயலியின் விடையோடு ஒப்பிடும். செயலி வரியைத் தவறாகக் கணக்கிட்டு, சோதனையும் அதே சூத்திரத்தைப் பயன்படுத்தினால் இரண்டும் ஒத்துப்போகும். கையால் போட்ட கணக்கின் விடையை, மேலே உள்ளதுபோல, நேரடி எண்ணாகச் சோதனையில் எழுத வைக்க வேண்டும். காற்புள்ளி இடத்தையும் பாருங்கள். 3,59,166 என்று நம் ஊர் முறைப்படி திரையில் வருகிறதா, 359,166 என்று வருகிறதா என்பதையும் ஒரு சோதனை பார்க்க வேண்டும். லட்சக் கணக்கில் புழங்கும் வியாபாரி அவசரத்தில் படிக்கும் இடம் அது.

நேரமும் இப்படித்தான். கிட்ஹப் போன்ற இடங்களில் சோதனை ஓடும் கணினிகள் பெரும்பாலும் யூடிசி நேரத்தில் இருக்கின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். இடுக்கியில் தோட்டம் வைத்திருக்கும் கம்பம், போடிப் பக்கத்து விவசாயி ஒருவர் அதிகாலை 5.10-க்கு, மலைக்கு ஜீப் கிளம்பும் முன், இன்றைய ஏலப் பட்டியலைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். யூடிசியில் அப்போது முந்தைய நாள் இரவு 11.40. சர்வர் தேதியை மாற்றாமல் காட்டினால் அவர் பார்ப்பது நேற்றைய பட்டியல். பகல் பதினொரு மணிக்கு அலுவலகத்தில் ஓட்டும் எந்தச் சோதனையிலும் இது சிக்காது. பிளேரைட்டில் நேர மண்டலத்தை ‘ஆசியா/கொல்கத்தா’ என்று வைக்கலாம். 2024-இலிருந்து பிரவுசரின் கடிகாரத்தையே விரும்பிய நேரத்துக்கு நிறுத்தவும் முடிகிறது. சர்வரின் கடிகாரம் தனி என்பதால் அதற்கும் ஒரு செயற்கை நேரத்தைக் கொடுக்க வழி வைத்திருக்க வேண்டும். அதிகாலை 5.10, நள்ளிரவு 12.01, ஏலம் முடிய ஒரு வினாடி முன், ஒரு வினாடி பின். இந்த நான்கு நேரங்களையும் விதித்தாளிலேயே எழுதிவிடுங்கள்.

ஒரே லாட்டுக்கு இரண்டு பேர்

ஏலச் செயலியைத் தனி ஒருவராக உட்கார்ந்து சோதிப்பதில் அர்த்தம் குறைவு. இங்கே பிளேரைட்டின் ஒரு வசதி பெரிதும் உதவுகிறது. ஒரே சோதனைக்குள் ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு பிரவுசர் சூழல்களைத் திறக்கலாம். ஒன்றில் போடி வியாபாரி உள்நுழைகிறார், மற்றதில் புற்றடி வியாபாரி. இருவரும் கிட்டத்தட்ட ஒரே கணத்தில் 2,417 ரூபாய் கேட்கிறார்கள். ஒருவருக்கு மட்டுமே ‘ஏற்கப்பட்டது’ என்று வர வேண்டும். இருவர் திரையிலும் ஒரே முன்னணி விலை, ஒரே பெயர் தெரிய வேண்டும். இதை முதலில் யோசித்துச் சொல்வது மனிதர் வேலை. யோசித்த பின், நாற்பது ஐம்பது வரிகளைத் தட்டச்சு செய்யும் வேலையை ஏஐ வெகு நன்றாகச் செய்கிறது.

அடுத்தது இணையம் அறுந்துபோவது. மலையடிவார ஊர்களில் மழைக்காலத்தில் இது புதிதில்லை. கேட்பை அனுப்பிய கணத்தில் இணைப்பைத் துண்டித்து, சிறிது நேரம் கழித்து மீண்டும் கொடுக்கச் சொல்லி ஏஐயிடம் கேளுங்கள். பிளேரைட்டில் இதற்கு நேரடி வசதி உண்டு. திரும்பி வந்ததும் அந்தக் கேட்பு ஒருமுறை பதிவாகியிருக்கலாம், பதிவாகாமலும் போயிருக்கலாம். இருமுறை பதிவாகியிருக்கக் கூடாது. எது நடந்தது என்பது வியாபாரியின் திரையில் தெளிவாகத் தெரிய வேண்டும். பதில் வராத பொத்தானை மறுபடி மறுபடி அழுத்துவது மனித இயல்பு. அதையும் ஒரு சோதனையாகச் சேர்த்துவிடுங்கள்.

தமிழ் எழுத்துக்கும் சோதனை வேண்டும்

ஆங்கிலச் செயலிகளைப் பார்த்து வளர்ந்த ஏஐ, சொல்லாமல் தமிழ் எழுத்துக்கான சோதனையை எழுதுவதில்லை. ‘போடிநாயக்கனூர்’ என்பது படிப்பவருக்கு எட்டு எழுத்து. யூனிகோடு கணக்கில் 14 குறியீடுகள். பத்து எழுத்துக்குள் ஊர்ப்பெயர் என்று வரம்பு வைத்த படிவம் இந்த ஊரைத் துண்டித்துவிடும். இதைவிடச் சிக்கலானது ஒன்று உண்டு. ‘போ’ என்ற எழுத்தில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் பதிக்கலாம். இரட்டைக் கொம்பு எனப்படும் ஏகாரக் குறியையும் காலையும் அடுத்தடுத்து வைத்தும் பதிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஒருவிதமாகச் சேமித்த ‘கோம்பை’யை இன்னொரு விதமாகத் தட்டச்சு செய்து தேடினால் ‘விவரம் இல்லை’ என்று பதில் வரும். கொடுவிலார்பட்டிக்கும் இதே கதிதான். சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுவது தீர்வு. அது செயலியில் நடக்கிறதா என்று பார்க்க, இந்த மூன்று ஊர்ப்பெயர்களையும் இருவிதப் பதிவிலும் சோதனைத் தரவாகக் கொடுங்கள்.

பெயர்ப் பகுதியில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கட்டாயமாக்கி ஏஐ சோதனை எழுதினால் அதை நீக்கிவிடுங்கள். தலைப்பெழுத்தும் பெயருமாக இருப்பவர்கள் நம் ஊரில் பெரும்பான்மை.

பக்கம் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் வருமென்றால் பொத்தான் பெயரால் தேடும் சோதனைகள் மொழி மாறியதும் தவறும். நடைமுறையைச் சோதிக்கும் இடத்தில் மொழி சாராத அடையாளக் குறியையும், மொழியைச் சோதிக்கும் இடத்தில் மட்டும் தமிழ்ப் பெயரையும் பயன்படுத்துவது நல்லது.

சோதனையைச் சோதிப்பது

எழுதி முடித்து, நாம் வைத்திருந்த பிழையையும் திருத்தியதும் எல்லாம் பச்சையாக ஓடுகிறது. இப்போது நிரலைக் கெடுங்கள். ‘அதிகமாக’ என்பதை ‘அதிகமாகவோ சமமாகவோ’ என்று மாற்றுங்கள். 5 சதவீதத்தை 12 ஆக்குங்கள். நேரம் முடிந்ததா என்று பார்க்கும் வரியை அழித்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு சோதனையாவது சிவப்பாக வேண்டும். சிவப்பாகவில்லை என்றால் அந்த விதிக்குக் காவலே இல்லை. மியூட்டேஷன் டெஸ்டிங் என்ற இந்த யோசனை 1970-களிலிருந்தே இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் அலகுச் சோதனைகளுக்கு ஸ்ட்ரைக்கர் என்ற கருவி இதைத் தானாகச் செய்கிறது. முழுப் பிரவுசர் சோதனைகளுக்கு முக்கியமான விதிகளைத் தேர்ந்து கையால் கெடுத்துப் பார்த்தாலே போதுமானது. எத்தனை சோதனை இருக்கிறது, எத்தனை சதவீத நிரலைத் தொடுகிறது என்ற எண்ணிக்கைகளைவிட இந்தப் பரிசோதனையை நம்பலாம்.

2025 அக்டோபரில் பிளேரைட் மூன்று ஏஜென்ட்களை அறிமுகப்படுத்தியது. ஒன்று திட்டமிடும், ஒன்று சோதனை எழுதும், மூன்றாவது விழுந்த சோதனையைச் சரிசெய்யும். மூன்றாவதிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. பொத்தானின் பெயர் மாறியதால் விழுந்த சோதனையை அது திருத்தினால் நல்ல உதவி. விலை தவறாக வந்ததால் விழுந்த சோதனையில் எதிர்பார்க்கும் விலையையே மாற்றிவிட்டால் பிழை மறைந்துபோகும். எதிர்பார்க்கும் விடைகளைத் தனிக் கோப்பில் வையுங்கள். அந்தக் கோப்பை ஏஐ தொட அனுமதி தராதீர்கள். அதில் ஓர் எண் மாற வேண்டுமென்றால் விதித்தாளில் முதலில் மாறியிருக்க வேண்டும், அதை ஒரு மனிதர் பார்த்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை இன்னும் பாக்கி. உண்மையான விவசாயிகளின் பெயர், கைபேசி எண், வங்கிக் கணக்கு, தோட்டப் பதிவு எண் எதையும் ஏஐ சேவைகளுக்கு அனுப்பக்கூடாது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது நம்பி ஒப்படைக்கப்பட்ட விவரம். போலித் தரவை ஏஐயே உருவாக்கித் தரும். நேரடி ஏலம் நடக்கும் தளத்தின் மீது எந்தத் தானியங்கிச் சோதனையையும் ஓட்டக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

போடியில் 2012 முதல் அரசு பொறியியல் கல்லூரி நடக்கிறது. ஏலக்கூடமும் அதே ஊரில்தான். இந்த அத்தியாயத்தைப் படிக்கும் மாணவர்களே, ஏஐயைத் திறப்பதற்கு முன் ஏலத் தொழிலில் உள்ள ஒருவரைத் தேடிப்போய், அனுமதி கேட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எது செல்லும், எது செல்லாது, எதில் சண்டை வரும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு அடுத்த அத்தியாயத்தின் பயிற்சியைத் தொடங்கலாம்.